குளக்கட்டும் கண்கட்டும்

ஒரு பொட்டு வைரத்துக்குள்ளே தண்ணீரைத் தேடிய என் கூடப்பிறந்த காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குள் அடங்கின கபுறாளிகளுக்கும் ஸலாம் சொல்லலாம் என்று ஓதிப்பள்ளியில் சொல்லித் தந்தது நல்லதாய்ப் போயிற்று. நான் என்ன சொன்னாலும் எதிர்க்கதை கதைக்கிற நீங்க, முதல் தடவையாக வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கப் போறீங்க. இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

நேரில் வந்து சொல்ல வழியில்லை. நம்ம ஊரில் மையவாடிக்குள் பொம்பிளைப் பிள்ளைகள் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாப்பா உள்ளே போய் வரும்வரை நான் மதிலுக்கு வெளியே ஓட்டோவில் இருப்பேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மதிலும் கொஞ்சம் கடல்மண்ணும்தான். நீங்க இருந்திருந்தால், அந்த மதிலைத் தாண்டி எது வரும், எது வராது என்று ஒரு கணக்குப் போட்டிருப்பீங்க.

இன்றைக்குப் பின்னேரம் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். "காக்காவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து வாசி மகள்" என்று உங்கள் பேராசிரியர், பெரிய சேர், சொன்னார். இதுதான் அந்த இரண்டு பக்கம். கொஞ்சம் நீண்டுவிட்டது. அவர் எதிர்பார்த்ததும் இதுவாக இருக்காது. முன்வரிசையில் இருப்பவர்கள் ஒட்டுக்கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

மண்டபத்தில் உங்களைத் தெரியாத ஆக்களும் இருப்பார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

குவாண்டம் என்ற சொல்லை நீங்க முதன்முதல் வீட்டில் சொன்ன அன்று, நான் "குவா, குவா" என்று கைப்பிள்ளை மாதிரி அழுது காட்டினேன். அன்றிலிருந்து உங்கள் ஆய்வுகூடத்துக்கு நம்ம வீட்டில் தொட்டில் என்று பேர். "தொட்டிலுக்குப் போயிட்டு வாறன்" என்று நீங்களே சொல்லப் பழகிட்டீங்க.

தொட்டிலில் படுத்திருந்தது ஒரு வைரம். அரிசிக் குறுநலை விடச் சின்னது. ஆய்வுக்கென்று செய்த வைரம், மோதிரத்துக்கு ஆகாது. ஆனால் வைரம் என்ற சொல் சாய்ந்தமருதில் ஓர் ஒழுங்கைக்குள் என்ன வேகத்தில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு கிழமைக்குள் மூன்று கல்யாணப் பேச்சு வந்தது. "என்ட புள்ளட்ட இருக்கிறது ஓட்ட வைரம்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி உம்மா களைத்துப் போனா.

உம்மா சொன்னது சரிதான். அந்த வைரத்துக்குள் ஓர் அணு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் ஓட்டை. அந்த ஓட்டையில் குடியிருக்கிற இலத்திரன்தான் உங்கள் கையாள். பச்சை வெளிச்சம் அடித்தால் வைரம் சிவப்பாக முழிக்கும். பக்கத்தில் மிக மெல்லிய காந்தம் வந்தாலும் அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கும். அவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு ரோசம். இல்லாமல் போன ஒன்றின் இடம்தான் எல்லாவற்றையும் உணர்கிறது என்று நீங்க சொன்னபோது நான் கொட்டாவி விட்டேன். இப்போது நம்ம சாப்பாட்டுப் பாயில் உங்கள் இடம் காலியாகக் கிடக்கிறது காக்கா. யார் வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அதுக்குத்தான் தெரிகிறது.

அந்த ரோசக்காரனை வைத்துக் குளக்கட்டில் தண்ணீர் கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நீங்களும் துசி அண்ணனும் இறங்கினீங்க. துசி அண்ணன் என்றால் கல்முனைக் கடற்கரைக்காரர், உங்களோடு அதே தொட்டிலில் ஆராய்ச்சி செய்கிறவர். குளத்துக்குள் ஒரு கம்பி, கட்டுக்கு அந்தப் பக்கம் வயலில் ஒரு கம்பி, நடுவில் மெல்லிய மின்சாரம். கட்டுக்குள் தண்ணீர் எந்த வழியால் போகிறதோ, அந்த வழியாகத்தான் மின்சாரமும் போகும். மின்சாரம் போகிற இடத்தில் கொஞ்சம் காந்தம் பிறக்கும். வைரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டின் மேலே நடந்தால் போதும், ரோசக்காரன் காட்டிக்கொடுத்துவிடுவான்.

உங்களுக்கு வைரத்தை நம்ப முடிந்தது, மனிசரை நம்ப முடியவில்லை. குளத்தைச் சுற்றி யாரைக் கேட்டாலும் கசிவு மதகடியில் என்றுதான் சொன்னார்கள். "மதகடி மதகடி எண்டு கேட்டுக் கேட்டு எங்கட கண்ணும் அங்கதான் போகும். கண்ணக் கட்டிட்டுத்தான் பாக்கணும்" என்றீங்க. நடக்கிற நேரம் பெட்டி தானாகவே எழுதிக்கொள்ளும், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு யாராவது ஒருவர் ஓர் எண்ணை நினைத்துக் கணினியில் போட, எல்லாத் தூரமும் அந்த எண் அளவுக்குத் தள்ளிப் போகும். தள்ளிய கணக்கை வைத்தே ஆராய்வார்கள். முடிவெல்லாம் எழுதி ஒப்பமிட்ட பிறகுதான் எண்ணைத் திறந்து கழிப்பார்கள். அப்போதுதான் கசிவு எங்கே என்று தெரியும்.

"குளக்கட்டுக்குக் கண்கட்டு" என்றேன். சிரிச்சீங்க. எண் தெரிந்த ஆள் ஆய்வுகூடத்துக்கு வெளியே இருக்க வேண்டுமாம். "உன்னப்போல ரகசியம் காக்கிற கள்ளி ஆர் இருக்கா?" என்று என்னைப் பிடிச்சீங்க. நீங்க முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, உங்கள் மடிகணினியில் நான் எண்ணைத் தட்டினேன். அதே எண்ணைக் கடதாசியில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். பெரிய சேர் அதைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

காக்கா, நான் கணினியில் தட்டினது இருநூற்று நாற்பது. உறைக்குள் எழுதினது தொண்ணூறு.

வேறு நோக்கம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் முன்னால் நீங்க உறையைக் கிழிப்பீங்க, கசிவு சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் போய் நிற்கும், உங்கள் முகம் போகிற போக்கை ஒரு நிமிசம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு "பைக்குள்ள பாருங்க" என்பேன். உங்கள் தோள்பையின் உள்துணியைப் பிரித்து, உண்மையான எண்ணை ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்துத் தைத்திருந்தேன். நல்ல தையல். நீங்க கடைசிவரை கவனிக்கவில்லை.

அந்தப் பையோடுதான் நீங்க, வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிற தாம்போதியில் மோட்டார்சைக்கிளை இறக்கினீங்க. தை மாதத்துக் கடைசி மழை. முழங்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடினது என்று கண்டவர்கள் சொன்னார்கள். மோட்டார்சைக்கிள் மறுநாள் கிடைத்தது. நீங்க அதற்கடுத்த நாள். பை கிடைக்கவே இல்லை. அசல் கணக்கு இருந்த மடிகணினி, குறிப்புக் கொப்பி, நான் தைத்த துண்டு, எல்லாம் அதற்குள். ஆய்வுகூடத்தில் மிஞ்சினது தள்ளிவைத்த கணக்கின் பிரதி மட்டும். அதற்குத் திறப்பு அந்த உறை மட்டும்.

உம்மா நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிய, துசி அண்ணன் வந்து உங்கள் மேசையில் உட்கார்ந்தார். அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அழுகிற வீட்டில் "நான் ஒரு பகிடி விட்டேன்" என்று எப்படித் தொடங்குவது? உறையைத் திறக்க மாதக் கணக்காகும், அதற்குள் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை திறந்தார்கள். என்னையும் வாப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். தள்ளிய கணக்கில் கசிவு அறுநூற்றுப் பத்தாவது மீற்றரில் நின்றது. சேர் உறையைக் கிழித்து "தொண்ணூறு" என்று வாசித்தார். துசி அண்ணன் கழித்தார். ஐந்நூற்று இருபது. மதகு இருப்பது ஐந்நூற்று ஐம்பதில்.

"முப்பது மீற்றர் தள்ளி நிக்குதே சேர்."

"அளந்த கயிறு இழுபட்டிருக்கும். எல்லாரும் சொன்னதுதானே, மதகடிதான்."

துசி அண்ணன் ஐந்நூற்று இருபதுக்குப் பக்கத்தில் மதகு என்று குறித்தார். "ஓம் சேர். மதகடிதான்."

கண்ணைக் கட்டினது எதற்கு என்று அந்த இடத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வாப்பா சிரித்தார், காக்கா. தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. "என்ட மகன் கண்டுபுடிச்சிட்டான்" என்று என் கையைப் பிடித்தார். நான் வாயைத் திறந்தேன். வந்தது மாஷா அல்லாஹ் மட்டும்தான்.

இப்போது நடக்கப்போவதைக் கேளுங்க. நாளை மறுநாள் மதகடியில் மெசின் இறங்குகிறது. மாரி தொடங்குமுன் ஓர் இடத்தைத்தான் வெட்டித் திறந்து, களிமண் போட்டு மூடலாமாம். இரண்டாவது இடத்துக்கு நாள் இல்லை. திரும்ப அளந்து பார்க்கவும் வழியில்லை. குளம் நிறைந்தால்தான் கசிவு வைரத்துக்குத் தெரிகிற அளவுக்கு ஓடும். குளம் நிறைந்த பிறகு அளந்து என்ன செய்ய?

அறுநூற்றுப் பத்திலிருந்து இருநூற்று நாற்பதை நானே கழித்துப் பார்த்தேன். முந்நூற்று எழுபது.

புதன்கிழமை வாப்பாவிடம், காக்கா நடந்த கட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒன்றும் கேட்காமல் ஓட்டோவை எடுத்தார். முதலில் மதகடிக்குப் போனேன். மண் வெடித்துக் கிடந்தது, வெடிப்புக்குள் என் விரல் போனது, உள்ளேயும் ஈரமே இல்லை. பிறகு நீங்க மீற்றர் எழுதி அடித்த மரக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டே முந்நூற்று எழுபதுக்கு நடந்து கீழே எட்டிப் பார்த்தேன். சுற்றிவர எல்லாம் வைக்கோல் நிறம். அந்த ஒரு துண்டு மட்டும் பச்சை. இறங்கிக் கால் வைத்தேன், செருப்பு புதைந்தது. இழுத்தபோது ஒரு சத்தம் வந்தது. யாரோ உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி.

அதற்குக் கிட்ட ஒரு வீடு. மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த பொம்பிளை வாப்பாவைப் பார்த்து, "ஆரு நீங்க, என்ன தேடுறீங்க?" என்றா.

"போன மாரியில குளம் நெறஞ்ச நேரம் ஒரு பெட்டியோட வந்து நடந்தாரே, அந்தத் தம்பிட வாப்பா நான்."

அவ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டா. "எங்கட வீட்டதான் பிளேன்டீ குடிச்சது. சீனி கூடப் போடச் சொல்லிக் கேக்கும். கேள்விப்பட்டம் வாப்பா."

நான் புல்லைக் காட்டிக் கேட்டேன். அவவுக்கு அது பெருமை.

"எங்கட மாட்டுக்கு மட்டும் எப்பவும் பசும்புல்லு மகள். மாரியில கிணத்தடிக்கே போகத் தேவல்ல, முத்தத்த மிதிச்சாத் தண்ணி வரும்."

"எப்பயிருந்து மாமி?"

"ரெண்டு மூணு மாரியா. முன்னம் கண்ணாடி மாதிரி வரும். போன மாரியில என்னவோ, கலங்கலா வந்திச்சு. புள்ளைகள்ற உடுப்புக் கழுவ ஏலாமப் போச்சு, அதுதான் ஒரு குறை."

நீங்க சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காட்டினது ஞாபகமா? தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, எந்தக் கட்டும் கொஞ்சம் வியர்க்கும் என்றீங்க. கலங்கலாக வந்தால் கட்டு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது, மேலே நடக்கிற யாருக்கும் தெரியாது என்றீங்க. அன்று நான் உங்கள் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டேன். அந்த முற்றத்தில் நின்று அண்ணாந்து கட்டைப் பார்த்தேன். கீழே நின்றால் அது எவ்வளவு உயரம். அவவின் வீட்டோடு ஏழு கூரை எண்ணினேன். ஒரு சின்னவன் புல்லுக்குள் தவளை பிடித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை துசி அண்ணனிடம் போனேன்.

"அண்ணன், உறைக்குள்ள இருந்த எண் பொய். நான்தான் மாத்தி எழுதினன்."

அவர் சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டவளும் நான், கண்ணாடியில் நல்லெண்ணெய் பூசினவளும் நான். நான் சிரிக்காததைப் பார்த்த பிறகு அவர் முகம் மாறியது.

"உன்ட காக்காட பேரிலயுமா விளையாடுறாய்?"

"விளையாடல்ல அண்ணன்."

"அப்ப சரியான எண்ணுக்கு என்ன சாட்சி?"

"பைக்குள்ள இருக்கு."

"பை எங்க?"

அவர் கதவைத் திறந்து விட்டார். "வீட்ட போ தங்கச்சி. ஏழு மாசம் அவன்ட கதிரையில இருந்து செஞ்ச வேல இது. இதில மட்டும் கை வெக்காத."

வெளியே வந்து படியில் இருந்தேன். இத்தனை வருசமாகப் பொய்யை உண்மை மாதிரிச் சொல்லப் பழகின எனக்கு, உண்மையை உண்மை மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. கடற்பக்கம் வானம் கறுத்திருந்தது. காற்று திரும்பிவிட்டது.

உள்ளே இந்தக் கூட்டத்துக்காக உங்கள் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டது. இப்போது இந்த மண்டபத்தின் இடப்பக்கச் சுவரில் தொங்குகிறதே, பெரிய கோட்டுப்படம், அதுதான். தள்ளிய கணக்கை நீங்களே அச்செடுத்துக் கையால் குறித்துத் துசி அண்ணனுக்குக் கொடுத்தது. அதில் முந்நூற்று நாற்பதாவது மீற்றரில் ஊசி மாதிரி ஒரு கோடு துள்ளி நிற்கிறது. பக்கத்தில் உங்கள் கையெழுத்து: இது இபுலீசின் வேலை, விட்டுவிடவும்.

அந்த இபுலீசு, அந்தச் சைத்தான், நான்தான் என்று நேற்றுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சுவரில் இருக்கிறார்.

அளக்கத் தொடங்கின அன்று எனக்குப் பாடசாலை விடுமுறை, நானும் உங்களோடு வந்தேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து, நீங்க கம்பி இறக்கிக்கொண்டிருந்த நேரம் நூறாவது மீற்றர்க் கட்டைக்குப் பக்கத்து மருதமரத்தின் வேரடியில் புதைத்தேன். நம்ம ரோசக்காரன் அந்த இடத்தில் பேய் பிடித்து ஆடுவான் என்று நினைத்தேன். ஆடினான். சில நாள் கழித்துக் கோட்டுப்படத்தைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றீங்க.

"எங்கடி புதைச்சாய்?"

நான் வாயைத் திறக்குமுன் இரண்டு காதையும் பொத்தினீங்க. "சொல்லாத. சொல்லிறாத. நீ சொன்னா எனக்கு எண் தெரிஞ்சுபோகும்."

காதைப் பொத்திக்கொண்டே திரும்பிப் போனீங்க. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காந்தம் இருக்கிற இடம் தெரிந்தால் எண்ணும் தெரியும் என்று உங்களுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு விளங்க இவ்வளவு நாள் எடுத்தது.

துசி அண்ணன், இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். படத்தில் முந்நூற்று நாற்பது. மரத்தடியில் நூறு. கழித்துப் பாருங்க. தொண்ணூறுதான் சரி என்றால் காந்தம் இருநூற்று ஐம்பதில் இருக்க வேண்டும். அங்கேயும் தோண்டிப் பாருங்க. நான் மருதமரத்துப் பக்கமே போகவில்லை. போனால், இப்போது கொண்டுபோய்ப் புதைத்தாள் என்பீங்க. அந்தக் காந்தத்துக்கு மேலே ஒரு மாரியின் மண்ணும் ஒரு கோடையின் வேரும் இருக்கும். அதை நான் செய்ய முடியாது.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு இதுவரை எழுதினதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேராசிரியருக்கோ மண்டபத்துக்கோ எனக்குப் பயமில்லை காக்கா, அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். "மகன் கண்டுபுடிச்ச இடம் அது இல்லையா?" என்று கேட்டார். "காக்கா கண்டுபுடிச்சது சரி வாப்பா. நான்தான் மாத்தினன்" என்றேன். ஏசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். ராவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

இன்று சுபஹ் தொழுகையோடு மழை தொடங்கியது. இன்னும் சின்னத் தூறல்தான், ஆனால் விடவில்லை. பாடசாலை ஓவர்கோட்டை எடுக்க வெளியே போனபோது ஓட்டோவின் பின்சீற்றைப் பார்த்தேன். ஒரு மண்வெட்டி கிடந்தது. நான் வைக்கவில்லை.

இவர்கள் என்னை நம்புவார்களா என்று தெரியாது. மெசின் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் தெரியாது. அந்தச் சின்னவன் இந்த நேரம் முற்றத்தில் எதை மிதித்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரியாது.

தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், அதை வாக்காக எடுத்துக்கொள்ளுங்க. இதை வாசித்து முடித்த கையோடு மண்டபத்தை விட்டு இறங்குவேன். துசி அண்ணன் வந்தால் மண்வெட்டியை அவர் கையில் கொடுப்பேன். வராவிட்டால் வாப்பா தோண்டுவார், நான் வெளிச்சம் பிடிப்பேன். காந்தம் வெளியே வந்து, முந்நூற்று எழுபதில் ஒரு மனிசன் குனிந்து பார்க்கும்வரை அந்தக் கட்டை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முன் தண்ணீர் கலங்கி வந்தால், ஏழு வீட்டுக் கதவையும் நானே தட்டுவேன்.

காதிலிருந்து கையை எடுங்க காக்கா. இனிமேல் கேட்கலாம்.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த இபுலீசு,
தங்கச்சி